ராக்ஸ்டாராக மறுத்தவர்கள்: உங்களுக்குப் பிடித்த இசைக்குழு எது, ஏன்?

ஒலிநாடா

ராக்ஸ்டார் பட்டமே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் யார் என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் பெயரில்தான் ஆரம்பிக்கிறது, அங்கேயே முடிந்தும் போகிறது. கிழிந்த ஜீன்ஸ், வாராத தலை, பேட்டிகளில் சலிப்பு. எனக்கு இது போதவில்லை. அந்தத் தோற்றம் 1992-லேயே நியூயார்க் ஃபேஷன் மேடைக்கு ஏறிவிட்டது. டிக்கெட் என்ன விலை, பாட்டுக்கு வரும் பணம் யார் யாருக்குப் போகிறது, முன்வரிசையில் நிற்கிற ரசிகரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துத்தான் ஒரு குழுவை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

அப்படிப் பார்த்தால் என் முதல் இடம் வாஷிங்டன் டி.சி.யின் பங்க் ராக் குழு ஃபுகாஸிக்கு. இயன் மக்காய், கை பிச்சியோட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கேன்டி. 1987-ல் முதல் கச்சேரி, 2002-ல் கடைசி. இடையில் உலகம் முழுக்கச் சுற்றினார்கள். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலர்தான். எந்த வயதுக்காரரும் வரலாம். இது சாதாரண விஷயம் இல்லை. அமெரிக்காவில் சின்ன ராக் கச்சேரிகள் அதிகமும் பாரில் நடக்கும், 21 வயது ஆகாதவரை உள்ளே விட மாட்டார்கள். அதனால் இவர்கள் சர்ச் ஹால், பள்ளி ஜிம், சமூகக் கூடம் என்று தேடிப் போனார்கள். மேனேஜர் கிடையாது. கச்சேரிகளை மக்காயே ஃபோன் போட்டுப் பேசி முடித்தார். டி-ஷர்ட் விற்கவில்லை. ஆல்பங்களை மக்காயும் ஜெஃப் நெல்சனும் 1980-லிருந்து நடத்திவந்த டிஸ்கார்ட் லேபிளே (ரெக்கார்டு நிறுவனம்) வெளியிட்டது. பெரிய லேபிள்கள் கூப்பிட்டும் போகவில்லை. மது, சிகரெட் விளம்பரம் போடும் பத்திரிகை என்பதால் ரோலிங் ஸ்டோனுக்குப் பேட்டி கொடுக்கவில்லை.

மேடையில் என்ன பாடுவது என்று பட்டியல் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் ஒரு பாட்டைத் தொடங்கினால் மற்ற மூவரும் பிடித்துக்கொள்வார்கள். கூட்டத்தில் யாராவது அடுத்தவரை முழங்கையால் இடித்துக்கொண்டு ஆடினால் பாட்டை நிறுத்திவிடுவார்கள். கொஞ்சமும் கத்தாமல், மரியாதையாக, அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். கேட்கவில்லை என்றால் அவர் கொடுத்த 5 டாலரைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இதற்காகவே கவர் தயாராக இருக்கும். காசைத் திருப்பிக் கொடுப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வெளியே அனுப்புகிற ஆளிடம்கூட நியாயமாக நடந்துகொள்கிறார்கள்.

உங்கள் குழு எது? வெறும் பெயர் வேண்டாம், காரணத்தோடு எழுதுங்கள்.

சியாட்டில்மழை

ஃபுகாஸியைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட மறுக்க மாட்டேன். ஆனால் கர்ட்டை ஜீன்ஸோடும் தலைமுடியோடும் முடித்துவிட்டீர்களே, அதை விட முடியாது.

1993 நவம்பர் 18, நியூயார்க், சோனி ஸ்டூடியோ. எம்டிவி இசைச் சேனலின் அன்பிளக்ட் நிகழ்ச்சிக்காகப் பதிவு. நிர்வாணா அப்போது உலகத்தின் மிகப்பெரிய குழுக்களில் ஒன்று. சேனல்காரர்கள் எதிர்பார்த்தது ஹிட் பாடல்களையும் பெரிய பெயருள்ள விருந்தினர்களையும். கர்ட் அழைத்து வந்தது அரிசோனாவின் மீட் பப்பெட்ஸ் சகோதரர்களை. அந்த அரங்கில் பாதிப் பேருக்கு அவர்கள் யாரென்றே தெரிந்திருக்காது. பாடிய 14 பாடல்களில் 6 அடுத்தவர் பாடல்கள். குழுவை உலகப் புகழுக்குக் கொண்டுபோன அந்த ஒரு பாட்டை அன்று தொடவே இல்லை. லில்லிப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்த மேடை, தொளதொள பச்சை ஸ்வெட்டர், சாதாரண சுழல் நாற்காலி. இன்னொரு பாட்டுப் பாடுங்கள் என்று கெஞ்சியும் மறுத்து எழுந்து போனார்.

அப்புறம் இன்னொன்று. லண்டனில் த ரெயின்கோட்ஸ் என்று ஒரு பெண்கள் குழு, 70-களின் கடைசியில் ஆரம்பித்தது. 1992-ல் அவர்களுடைய முதல் ஆல்பம் எங்கும் கிடைக்கவில்லை. கர்ட் லண்டன் போயிருந்தபோது அந்த ரெக்கார்டைத் தேடி, அந்தக் குழுவின் ஆனா ட சில்வா வேலை பார்த்த பழம்பொருள் கடையை விசாரித்துக் கண்டுபிடித்து, நேரில் நின்று கேட்டார். நிர்வாணாவின் இன்செஸ்டிசைட் தொகுப்பின் உள்ளட்டையில் இந்தக் கதையைத் தானே எழுதினார். அதே உள்ளட்டையில், பெண்களையும் தன்பாலீர்ப்பாளர்களையும் வேறு நிறத்தவரையும் வெறுக்கிறவர்கள் எங்கள் கச்சேரிக்கு வராதீர்கள், எங்கள் ரெக்கார்டை வாங்காதீர்கள் என்றும் எழுதினார். அடுத்த வருடமே ரெயின்கோட்ஸ் ஆல்பங்கள் மறுபடி வெளிவந்தன. முன்னுரையில் ஒன்று கர்ட்டுடையது.

தன்மேல் விழுந்த வெளிச்சத்தை எடுத்து அடுத்தவர் மேல் திருப்பினார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை

ஒலிநாடா பணத்தைப் பார் என்கிறார், பார்ப்போம். நிர்வாணாவில் பாடல் உரிமைப் பணத்தை ஆரம்பத்தில் மூவரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். 1992-ல் கர்ட் அதை மாற்றச் சொன்னார். வரிகளுக்கு முழுப் பங்கும் இசைக்கு முக்கால் பங்கும் தனக்கு. அதோடு விடவில்லை, முன்பே வந்துவிட்ட நெவர்மைண்ட் ஆல்பத்துக்கும் முன்தேதியிட்டு. அந்தச் சண்டையில் குழு உடையும் நிலைக்குப் போனது. பாட்டையெல்லாம் எழுதியது அவர்தான், கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஆர்.இ.எம். குழு என்ன செய்தது? நால்வரில் யார் மெட்டுப் போட்டாலும், யார் வரி எழுதினாலும், எல்லாப் பாட்டிலும் நான்கு பெயர்கள், நான்கு சம பங்கு. 1997-ல் டிரம்மர் பில் பெர்ரி விலகும் வரை இப்படித்தான். குழுச் சண்டையில் பாதி இந்த இடத்தில்தான் கிளம்புகிறது. அதைத் தொடக்கத்திலேயே அடைத்துவிட்டார்கள்.

ஸ்டீவ் அல்பினியையும் சொல்லியாக வேண்டும். 1993 பிப்ரவரியில் மினசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில் நிர்வாணாவின் இன் யூட்டரோ ஆல்பத்தைப் பதிவு செய்தவர். அந்த நிலையில் இருக்கிற தயாரிப்பாளர் விற்பனையில் ஒரு பங்கை ராயல்டியாகக் கேட்பது வழக்கம். நெவர்மைண்ட் விற்ற விற்பனைக்கு அது பல லட்சம் டாலர் வரக்கூடிய பங்கு. அல்பினி வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார். குழாய் ரிப்பேர் செய்கிறவருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுங்கள், போதும், பாட்டு உங்களுடையது என்பது அவர் வாதம். 1 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு போனார். தயாரிப்பாளர் என்று பெயர் போடுவதைக்கூட விரும்பவில்லை, பதிவு செய்தவர் என்று போட்டால் போதும் என்பார். 2024 மே மாதம் இறக்கும் வரை சிகாகோவில் தன் ஸ்டூடியோவை வைத்துக்கொண்டு, பெயர் தெரியாத குழுக்களுக்கும் கட்டுப்படியான கட்டணத்தில் பதிவு செய்து கொடுத்தார். இந்த இழையின் தலைப்புக்கு என்னைக் கேட்டால் அவர்தான் முதல் ஆள். மேடைக்குப் பின்னால் இருந்ததால் யாரும் சொல்வதில்லை.

பேஸ்லைன்

பேர்ல் ஜாம் பெயரையே யாரும் எடுக்கவில்லையே! தங்கள் புகழுக்குத் தாங்களே பிரேக் போட்ட பெரிய குழு வேறு எது இருக்கிறது?

1991 ஆகஸ்டில் முதல் ஆல்பம் டென் வருகிறது. ஒரு வருடத்தில் எம்டிவியில் எந்நேரமும் பாடகர் எட்டி வெட்டர் முகம். 1993-ல் இரண்டாவது ஆல்பம் வந்தபோது முதல் ஐந்து நாளில் சுமார் 9 லட்சத்து 50 ஆயிரம் பிரதிகள், அந்நாள் வரைக்கும் சாதனை. அந்த நேரத்தில்தான் வீடியோ எடுப்பதை நிறுத்தினார்கள். 1998 வரை ஒரு வீடியோவும் இல்லை. டைம் பத்திரிகை அட்டையில் வெட்டர் படம் வந்தபோதுகூட அவர் பேட்டி தரவில்லை. 1994-ல் மூன்றாவது ஆல்பம் விட்டாலஜியை முதலில் ரெக்கார்டு தட்டாக மட்டும் வெளியிட்டார்கள், சிடி இரண்டு வாரம் கழித்துத்தான். ரெக்கார்டுக் கடைகளில் தட்டு விற்பனையே படுத்துக் கிடந்த காலம் அது.

டிக்கெட் விற்கும் நிறுவனமான டிக்கெட்மாஸ்டரோடு நடந்த கதைதான் பெரிய கதை. டிக்கெட் 18 டாலர், சேவைக் கட்டணம் 1 டாலர் 80 சென்டுக்கு மேல் போகக் கூடாது, மொத்தம் 20 டாலரைத் தாண்டாமல் ரசிகர் உள்ளே வர வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. டிக்கெட்மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய அரங்குகளோடெல்லாம் அந்த நிறுவனத்துக்குத் தனி ஒப்பந்தம் இருந்ததால் வேறு வழியில் டிக்கெட் விற்கவும் முடியாது. 1994-ல் அமெரிக்க அரசின் நீதித்துறையிடம் புகார் போனது. ஜூன் 30 அன்று குழுவின் ஸ்டோன் கோசார்டும் ஜெஃப் அமென்டும் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள். அந்தக் கோடைச் சுற்றுப்பயணம் ரத்து. உலகமே டிக்கெட்டுக்கு அலைந்த வருடத்தில் அவர்கள் விட்ட பணம் கொஞ்ச நஞ்சம் இல்லை.

சியாட்டில்மழை

பேர்ல் ஜாம் போராட்டத்தை மதிக்கிறேன். ஆனால் முடிவையும் எழுதுங்கள். 1995-ல் டிக்கெட்மாஸ்டர் இல்லாத இடங்களாகத் தேடித் தேடிச் சுற்றுப்பயணம் போட்டார்கள். ஊருக்கு வெளியே திறந்தவெளிகள், எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டிய இடங்கள். ஜூன் 24, சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பூங்காவில் வெட்டருக்கு உடம்பு முடியாமல் ஏழு பாட்டோடு இறங்க வேண்டியதாயிற்று. மீதி நேரம் நீல் யங் வந்து பாடிக் காப்பாற்றினார். தொடர்ந்து இருந்த கச்சேரிகள் கலைந்தன. ஜூலையில் நீதித்துறை விசாரணையை மூடியது. 1998-ல் பேர்ல் ஜாம் மறுபடி டிக்கெட்மாஸ்டர் அரங்குகளுக்கே வந்தது.

அவ்வளவு பெரிய குழுவாலேயே முடியவில்லை என்றால், அந்த உயரத்துக்குப் போய்விட்டு உள்ளிருந்து மாற்றுவது நடக்கிற காரியமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. கர்ட் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பீர்கள். அவருக்கு அந்தத் தெம்பு மிச்சம் இருந்திருக்குமா? 1994 ஏப்ரலில் அவர் தற்கொலையோடு எல்லாம் முடிந்துவிட்டது.

பேஸ்லைன்

தோற்றார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் புகார் செத்துப்போகவில்லை. 2010-ல் டிக்கெட்மாஸ்டரும் கச்சேரி நடத்தும் நிறுவனமான லைவ் நேஷனும் ஒன்றாகச் சேர்ந்தன. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறையே அவர்கள்மேல் ஏகபோக வழக்குப் போட்டது. 30 வருடத்துக்கு முன் அந்த இரண்டு பேர் போய்ச் சொன்ன அதே பிரச்சினைதான்: அரங்கும் டிக்கெட்டும் ஒரே கையில் இருந்தால் கட்டணத்தைக் கேட்பார் கிடையாது. வேறு எந்தப் பெரிய குழு அன்றைக்குத் தன் சுற்றுப்பயணத்தையே பணயம் வைத்து இந்தச் சண்டைக்குப் போனது?

நான்காம்சுவர்

என் ஓட்டு பிங்க் ஃபிளாய்டுக்கு. 70-களில் அத்தனை கோடி ஆல்பம் விற்ற குழுவின் முகங்கள் பலருக்குத் தெரியாது. அட்டையில் பட்டகமும் மாடும் பறக்கும் பன்றியும்தான், குழுவினர் இல்லை. 1977 ஜூலையில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ரோஜர் வாட்டர்ஸ் கோபத்தில் ஒரு ரசிகர் முகத்தில் துப்பிவிட்டார். தான் என்னவாகிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே அதிர்ச்சி. தனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு சுவர் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. அது த வால் ஆல்பமானது. பிறகு நிஜமாகவே மேடையில் அட்டைச் செங்கல் சுவரைக் கட்டி, குழுவை அதற்குப் பின்னால் மறைத்துப் பாடினார்கள். ராக்ஸ்டார் என்ற நோயைப் பற்றி ஒரு ராக்ஸ்டாரே கொடுத்த வாக்குமூலம் அது.

அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் வேறு இருக்கிறார். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் அம்மா வீட்டுக்குப் போய் ஓவியமும் தோட்டமுமாக வாழ்ந்தவர். அவரைவிடப் பெரிய மறுப்பு உண்டா?

ஒலிநாடா

வாட்டர்ஸ் விஷயம் சரி. தன் தவற்றை முழு ஆல்பமாக்கித் திறந்து காட்டிய நேர்மை அதில் இருக்கிறது. ஆனால் சிட் பாரெட்டை இந்த வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

1968-ல் அவர் குழுவிலிருந்து போனது கொள்கைக்காக இல்லை, மனநலம் குலைந்ததால். 1975 ஜூன் மாதம் ஆபி ரோடு ஸ்டூடியோவில், அவரைப் பற்றிய பாட்டையே குழு மிக்ஸ் செய்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு உடம்பு பெருத்துப்போய் வந்து நின்றார். கூடவே வளர்ந்தவர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரிந்ததும் சிலர் அழுதார்கள். இதைப் புகழுக்கு எதிரான தீரம் என்று நாம் எழுதினால் ஒரு மனிதரின் வேதனையை அலங்காரப் பொருளாக்குகிறோம். கர்ட்டின் சாவைப் பற்றிப் பேசும்போதும் இதையேதான் சொல்வேன். ரெயின்கோட்ஸுக்கு அவர் செய்ததை ஆயிரம் முறை பாராட்டலாம். சாவைப் பாராட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள், பதினெட்டு வயதுப் பையன்கள் இதையெல்லாம் படிக்கிறார்கள்.

மறுப்பு என்றால் செய்ய முடிந்ததைச் செய்யாமல் விடுவது. ஃபுகாஸி நாளைக்கே 25 டாலர் கட்டணம் வைத்திருக்கலாம், கூட்டம் வந்திருக்கும். வைக்கவில்லை.

சியாட்டில்மழை

சாவு பற்றி நீங்கள் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். நான் அவருடைய வாழ்க்கையைப் பற்றித்தான் எழுதினேன், இனியும் அதைத்தான் எழுதுவேன்.

தாளம்தட்டி

ஒலிநாடா அண்ணா, இவ்வளவு நேரம் வந்த பெயர்களில் ரெயின்கோட்ஸைத் தவிர எல்லாம் ஆண்கள். இது தற்செயல் இல்லை. ராக்ஸ்டார் என்கிற வேஷமே ஆணுக்காகத் தைத்தது. அதை மறுப்பதற்கும் ஆணுக்குத்தான் பாராட்டு கிடைக்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா ஊரில் 1990-ல் பிகினி கில் ஆரம்பித்தது. கேத்லீன் ஹன்னா, டோபி வேல், கேத்தி வில்காக்ஸ், பில்லி கேரன். அந்தக் காலத்துப் பங்க் கச்சேரியில் மேடைக்கு முன் நிற்பது என்றால் அடி வாங்கத் தயாராக இருக்க வேண்டும். பெண்கள் சுவரோரமாக, நண்பர்களின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஹன்னா பாட ஆரம்பிக்கும் முன்னாலேயே, பெண்கள் எல்லோரும் முன்னால் வாருங்கள், ஆண்கள் பின்னால் போங்கள் என்பார். பாடல் வரிகளை அச்சடித்துப் பெண்கள் கையில் கொடுப்பார். இதற்காக அவருக்கு வசவும் மிரட்டலும் வந்தன. 1992-ல் பெரிய பத்திரிகைகள் இவர்களுடைய உடையைப் பற்றியும் காதலைப் பற்றியும் எழுத ஆரம்பித்ததும், இவர்களைச் சுற்றி எழுந்த ரயட் கேர்ள் என்ற பெண்ணியப் பங்க் இயக்கத்தினர் பலர் சேர்ந்து பத்திரிகைகளிடம் பேசுவதையே நிறுத்தினார்கள். புகழ் வாசலில் நின்றபோது கதவைச் சாத்தியவர்கள் இவர்கள்தான். சியாட்டில்மழை பெயர் சொல்லாமல் விட்ட அந்த நிர்வாணா பாட்டு ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட், அதன் தலைப்புகூட ஹன்னா கர்ட் அறைச் சுவரில் கிறுக்கிய வரியிலிருந்து வந்தது.

உங்கள் ஃபுகாஸிக்கும் இவர்களுக்கும் உறவு உண்டு. பிகினி கில்லின் முதல் இ.பி.யை (சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்ன ரெக்கார்டு) பதிவு செய்து கொடுத்தது மக்காய்தான். அவர் கூட்டத்தை நிறுத்தி இடிக்காதே என்றபோதும் ஹன்னா பெண்களை முன்னால் கூப்பிட்டபோதும் இரண்டு பேரும் பேசியது ஒரே விஷயத்தைப் பற்றி: அந்த ஹாலில் யாருக்கு இடம் இருக்கிறது? கூட்டம் என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்ட் விழாவில் பேர்ல் ஜாம் பாடிக்கொண்டிருந்தபோது நெரிசலில் சிக்கி 9 பேர் உயிர் போனது. குழு நொறுங்கிப்போய், இனிமேல் பாட வேண்டுமா என்றே யோசித்தது.

ஒலிநாடா

தங்கச்சி, என் முதல் பதிவில் இருந்திருக்க வேண்டிய விஷயம் இது. யாருக்கு இடம் என்ற கேள்வியை டிக்கெட் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்று வாசலில் தடுக்கிறது, இன்னொன்று உள்ளே வந்த பிறகு தடுக்கிறது.

வெளிச்சம்

நான் இந்த இசைக்குப் புதுசு. ஒரு சந்தேகம். 5 டாலரில் வண்டி பெட்ரோல், சாப்பாடு, ஹால் வாடகை எல்லாம் எப்படிக் கட்டுப்படியாகும்? கையை விட்டுப் போட்டார்களா?

கணக்குப்பிள்ளை

இல்லை தம்பி, நஷ்டத்தில் ஓடவில்லை. இதைப் புரிந்துகொண்டால்தான் ஃபுகாஸி புரியும். மேனேஜருக்குக் கமிஷன் இல்லை. கச்சேரி ஏற்பாட்டு ஏஜென்டுக்குக் கமிஷன் இல்லை. கூட வரும் ஆட்கள் சிலர்தான். பெரிய வண்டிகளில் லைட்டும் செட்டும் ஏற்றிக்கொண்டு போகவில்லை, வேனில் போனார்கள். ஆயிரம் பேர் வந்தால் 5,000 டாலர். வழியில் பிடுங்கித் தின்ன யாரும் இல்லாததால் அதில் நல்ல பங்கு நால்வர் கைக்கு வரும், சமமாக. வருடத்துக்கு அத்தனை கச்சேரி. டிஸ்கார்டில் இடைத்தரகு குறைவு, அதனால் ஆல்பத்தையும் கடை விலையைவிடக் குறைவாகத் தர முடிந்தது. இந்த வேலையிலேயே வீடு நடத்தினார்கள்.

ராக்ஸ்டார் வாழ்க்கையில் செலவு எங்கே போகிறது என்று பார்த்தால், அந்த வாழ்க்கையைத் தாங்கிப் பிடிக்கத்தான் போகிறது. அதை விட்டால் 5 டாலர் போதும் என்று செய்தே காட்டினார்கள்.

ஒலிநாடா

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் ஆயிரம் கச்சேரிகளில் எண்ணூறுக்கு மேற்பட்டவற்றை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011-லிருந்து ஒவ்வொன்றாக டிஸ்கார்ட் தளத்தில் ஏற்றினார்கள். ஒரு கச்சேரிக்கு அவர்கள் சொல்லும் விலை அதே 5 டாலர், முடிந்தவர் கூடக் கொடுக்கலாம், முடியாதவர் ஒரு டாலர் கொடுத்தாலும் சரி. சொதப்பிய கச்சேரி, நடுவில் மின்சாரம் போன கச்சேரி எதையும் மறைக்கவில்லை. தன் பிம்பத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர் இதைச் செய்ய மாட்டார்.

அதற்காக மேடையில் சும்மா நின்று வாசித்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1988-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஜிம்மில் கச்சேரி. பிச்சியோட்டோ கூடைப்பந்து வளையத்துக்குள் உடம்பை நுழைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பாடினார். ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது, பார்க்கவே மூச்சு அடைக்கும். அடக்கமான குழு என்று சொல்வதைவிட, வெறி பிடித்த குழு, விலையை மட்டும் அடக்கி வைத்திருந்தது என்பேன்.

நான்காம்சுவர்

தோற்றத்தை நம்பாதே என்று முதல் பதிவில் எழுதினீர்கள். அப்படியானால் த க்யூர் ராபர்ட் ஸ்மித்தை எங்கே வைப்பீர்கள்? கலைந்த பெரிய தலைமுடி, உதட்டுச் சாயம், கண் மை. தூரத்திலிருந்தே ராக்ஸ்டார் என்று சொல்லிவிடலாம்.

2023-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணம். தேவை கூடக் கூட விலையை ஏற்றும் முறையை ஸ்மித் அனுமதிக்கவில்லை. பல ஊர்களில் 20 டாலரிலிருந்து டிக்கெட். ஆனால் விற்பனை தொடங்கியதும் டிக்கெட்டைவிடச் சேவைக் கட்டணம் அதிகமாக வந்ததைப் படம் பிடித்து ரசிகர்கள் போட்டார்கள். ஸ்மித் தன் கணக்கிலிருந்து பொதுவிலேயே திரும்பத் திரும்பக் கேட்டார், எல்லாம் பெரிய எழுத்தில். கடைசியில் டிக்கெட்மாஸ்டர் இறங்கி வந்து, மிகக் குறைந்த விலை டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவற்றுக்கு 5 டாலரும் திருப்பிக் கொடுத்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சேர்த்து.

பேஸ்லைன்

அருமை! 1994-ல் பேர்ல் ஜாம் கேட்டுக் கிடைக்காததில் ஒரு துளியாவது 2023-ல் வந்து சேர்ந்தது. இதை நான் மறந்தே போயிருந்தேன்.

மௌனராகம்

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். ஒரு வகை ஆளை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்: இசைக்காகவே மேடையை விட்டவர்கள்.

டாக் டாக் 80-களில் பாப் குழு. தொலைக்காட்சி, ஹிட் பாடல்கள் எல்லாம் பார்த்தவர்கள். 1986 ஆல்பம் நன்றாக விற்றது. அடுத்ததற்கு அவர்களுடைய லேபிள் இ.எம்.ஐ. தாராளமாகப் பணம் கொடுத்தது, இன்னொரு ஹிட் வரும் என்று. குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸ் லண்டன் வெஸ்ஸெக்ஸ் ஸ்டூடியோவுக்குள் போனார். அது பழைய சர்ச் கட்டடம். விளக்கை அணைத்துவிட்டு எண்ணெய் நிறங்கள் அசையும் புரொஜெக்டர் வெளிச்சத்தில் மாதக்கணக்கில் பதிவு. வாசிப்பவர்கள் வந்து இருட்டில் தோன்றியதை வாசித்துவிட்டுப் போவார்கள். அதில் பெரும்பகுதியை அழித்துவிட்டு, சில நொடிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கோத்தார்கள். 1988-ல் ஸ்பிரிட் ஆஃப் ஈடன் வந்தது. ஆறு பாட்டு. முதல் சில நிமிடம் ஒரு டிரம்பெட்டும் எங்கோ முனகும் ஒலிகளும்தான், அப்புறம் திடீரென்று கிட்டார் வெடிக்கும். ரேடியோவில் போட ஒன்றும் தேறாது.

சுற்றுப்பயணம் போகவில்லை, இதை மேடையில் வாசிக்க முடியாது என்றார். லேபிளோடு வழக்கு. வேறு லேபிளில் 1991-ல் இன்னொரு ஆல்பம், 1998-ல் தன் பெயரில் ஒன்று. அவ்வளவுதான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டார். 2003-ல் அவர்களுடைய பழைய பாட்டை நோ டவுட் பாடி அது மறுபடி ஹிட்டானபோதும் திரும்பி வரவில்லை. 2019 பிப்ரவரியில் 64 வயதில் காலமானார்.

ஒலிநாடா, உங்கள் அளவுகோலில் டிக்கெட் விலை, பங்கு, ரசிகர் எல்லாம் இருக்கிறது, ஒலி இல்லை. கேட்கிறவனின் காதை அவ்வளவு மதித்து, வேண்டாத ஒரு சுரம்கூட வைக்காமல் விட்டாரே, அதற்கு உங்கள் பேரேட்டில் எந்தப் பக்கம்?

ஒலிநாடா

அதற்கும் பக்கம் இருக்கிறது. ஒலியிலேயே அந்த நியாயத்தைச் செய்து காட்டிய குழு ஒன்று உண்டு.

லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகப் பக்கம் சான் பெட்ரோ. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் டி. பூன், மைக் வாட், ஜார்ஜ் ஹர்லி. குழுவின் பெயர் மினிட்மென். ராக்கில் கிட்டார்காரர்தான் ராஜா, பேஸ் கிட்டார் பின்னால் உறுமிக்கொண்டு கிடக்கும். டி. பூன் வேண்டுமென்றே தன் கிட்டாரின் கனத்த ஒலியை வெட்டிவிட்டுக் கீச்சென்ற மேல் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த இடத்தை வாட்டின் பேஸும் ஹர்லியின் டிரம்ஸும் எடுத்துக்கொண்டன. மூன்று பேரும் சமம் என்ற அரசியல் நம்பிக்கையை ஆம்ப்ளிஃபயர் குமிழில் திருப்பி வைத்தார்கள். 1984-ல் இரட்டை ஆல்பம், நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள், மொத்தச் செலவு சுமார் 1,100 டாலர். வேனைத் தாங்களே ஓட்டினார்கள், சாமான்களைத் தாங்களே தூக்கினார்கள், வாசித்து முடித்ததும் தாங்களே கழற்றினார்கள். 1985 டிசம்பர் 22, அரிசோனாவில் வேன் விபத்தில் டி. பூன் இறந்தார். வயது 27.

ஹாலிஸ் மாதக்கணக்கில் செலவு செய்து வேண்டாததை நீக்கினார், இவர்கள் செலவே இல்லாமல் நீக்கினார்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

தாளம்தட்டி

மினிட்மென்னுக்குப் பெரிய புகழ் வரவே இல்லை, அண்ணா. கிடைக்காததை மறுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது? டி. பூன் இருந்திருந்தால் 1992-ல் பெரிய லேபிள் வந்து பையைத் திறந்தபோது என்ன செய்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

ஒலிநாடா

தெரியாதுதான். ஆனால் வாட் என்ன செய்தார் என்று தெரியும். பிறகு பெரிய லேபிளில் ஆல்பம் போட்டார், 2003-லிருந்து த ஸ்டூஜஸ் குழுவோடு பெரிய பெரிய விழா மேடைகளில் பேஸ் வாசித்தார். தன் குழுவோடு ஊர் ஊராகப் போகும்போது மட்டும் அதே வேன், ஓட்டுநர் இருக்கையில் அவரே. பெரிய லேபிளுக்குப் போவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. போன பிறகு எப்படி இருக்கிறார் என்பதைத்தான் பார்க்கிறேன்.

வெளிச்சம்

ஃபுகாஸியை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒலிநாடா

1989-ல் வந்த 13 சாங்ஸ். முதல் பாட்டின் பேஸைக் கேட்டாலே விஷயம் புரிந்துவிடும். அப்புறம் ரிபீட்டர்.

மௌனராகம்

நான் தலைகீழாகச் சொல்வேன், வெளிச்சம். 2001-ல் வந்த கடைசி ஆல்பம் த ஆர்க்யுமென்ட்டில் ஆரம்பியுங்கள். கூச்சல் குறைவு, இடைவெளி அதிகம், செல்லோகூட வருகிறது. 13 சாங்ஸை முதலில் கேட்டுவிட்டு, இது வெறும் பங்க் என்று மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். கடைசியிலிருந்து பின்னால் போனால் அப்படி ஆகாது. இரண்டு வாரம் கழித்து வந்து எழுதுங்கள், ஒலிநாடாவுக்கும் எனக்கும் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.